இறக்கிவிட்டு ஏற்று

மெஷின் சாமான் விற்கும் கடைக்காரருக்கு அரைநூல் என்ற தச்சரைக் கண்டாலே சிரிப்பு வர ஆரம்பித்துவிட்டது. மனிதர் வருவார். கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நிற்பார். குறைமாதப் பிள்ளையை ஆஸ்பத்திரிக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிற தகப்பன் மாதிரி உள்ளே இருக்கும் அந்தச் சாமானைப் பார்ப்பார். எடுத்துக் காட்டவா என்று கேட்டால் வேண்டாம் என்பார். போய்விடுவார். இரண்டு நாள் கழித்துத் திரும்ப வந்து நிற்பார்.

அந்தச் சாமானின் பெயர் ரூட்டர் லிஃப்ட். ரூட்டர் என்பது மரத்தில் காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டுகிற மோட்டார். அதை ஒரு மேசைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கவிட்டு, மேசைத் துளை வழியாக, மரத்தை வெட்டும் அதன் பிட் மட்டும் மேலே எட்டிப் பார்க்கும்படி வைத்துவிட்டால், சட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிக்கொண்டே போகலாம். தொல்லை ஒன்றுதான். பிட்டின் உயரத்தை மாற்ற வேண்டுமென்றால் மேசைக்கு அடியில் போய்ப் படுக்க வேண்டும். லிஃப்ட் இருந்தால் படுக்க வேண்டாம். மேலே நின்றபடி ஒரு கைப்பிடியைச் சொருகித் திருகினால் மோட்டார் தானாக ஏறும், இறங்கும். இவ்வளவுதான் அதன் மகிமை. இந்தச் சொகுசுக்கு, மோட்டாரையும் மேசையையும் சேர்த்து விற்றாலும் எட்டாத விலை.

கடைக்காரர் நல்ல மனிதர். வியாபாரத்துக்கு அது கெடுதல் என்று தெரிந்தும் நல்ல மனிதராகவே இருந்தார்.

"உள்ளதச் சொல்றேண்ணே. இது தனி ஆளா வேலை செய்யிறவங்களுக்கு. அடியில ஒருத்தர், மேல ஒருத்தர் இருந்தா இது செய்யிறத நீங்களே செஞ்சுக்கலாம். உங்களுக்குத்தான் வீட்டுலயே ஆள் இருக்கே. அப்புறம் எதுக்குக் காசக் கரியாக்கணும்?"

"இருக்கு" என்றார் அரைநூல். படியிறங்கிப் போய்விட்டார்.

அவருக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் அவருடைய பிடிவாதம். அலமாரிக் கதவு செய்கிறவர். நாலு சட்டமும் நடுவில் ஒரு பலகையும் சேர்ந்தால் ஒரு கதவு. ஒரு சட்டத்தில் காடி, இன்னொரு சட்டத்தின் முனையில் நாக்கு, ஒன்றுக்குள் ஒன்று போய் உட்கார வேண்டும். தச்சர்கள் ஒரு இஞ்சை எட்டாகப் பிரித்து அதில் ஒரு பங்கை நூல் என்பார்கள். சட்டங்கள் சேருமிடத்தில் அரை நூல் மேடு தட்டினாலும் கதவைத் தூக்கி மூலையில் போட்டுவிடுவார். வீடு கட்டுகிறவர்கள் அவரைத் தேடி வந்ததும் அதற்காகத்தான், அவரைத் திட்டியதும் அதற்காகத்தான்.

அந்தப் பிடிவாதத்தில் பாதி அவருடையதல்ல, அவர் மனைவியுடையது. இது ஊருக்குத் தெரியாது.

டயர் கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை. அதில் காலை முதல் மாலை வரை இரண்டு பேர். அவர் அறுப்பார், வெட்டுவார். அவள் உப்புத்தாள் போடுவாள், பாலிஷ் அடிப்பாள். உயரம் மாற்ற வேண்டிய நேரம் வந்தால் இருவரும் அவரவர் இடத்துக்குப் போவார்கள். அவர் மேசைக்கு அடியில் மல்லாக்கப் படுத்து மோட்டாரைப் பிடித்துத் திருகுவார். அவள் மேலே குனிந்து, ஒரு துண்டுக் கட்டையை பிட்டின் பக்கத்தில் வைத்து விரல் நுனியால் தடவிப் பார்த்துக்கொண்டே குரல் கொடுப்பாள்.

"இன்னும். இன்னும். இன்னும் கொஞ்சூண்டு. போதும்."

அந்தப் 'போதும்' வந்த இடத்தில் அவர் நிறுத்திவிட வேண்டும். ஆனால் வேலை அத்தோடு முடியாது. அடுத்தது எப்போதும் வரும்.

"இப்ப இறக்கிட்டு ஏத்துங்க."

"அதான் சரியா நிக்குதே."

"நிக்கட்டும். இறக்கிட்டுத் திரும்ப அதே இடத்துக்கு ஏத்துங்க."

மூக்கில் தூள் விழுந்து, கழுத்து பிடித்துக்கொண்டு, முழங்கால் மடங்க மாட்டேன் என்று அடம்பிடித்துக் கிடக்கிற மனிதனிடம் இப்படிச் சொன்னால் எரிச்சல் வராதா? வரும். கல்யாணமான நாளிலிருந்து இவளுக்கு ஒரு வேலையை ஒரே தடவையில் முடிக்கத் தெரியாது என்று அடியில் கிடந்தபடியே முணுமுணுப்பார். ஆனாலும் செய்வார். செய்யாவிட்டால் அவள் மேசையை விட்டு நகர மாட்டாள்.

வெளியே வந்ததும் "திரும்புங்க" என்பாள். முதுகு முழுக்க அப்பியிருக்கும் மரத்தூளைப் பளார் பளாரென்று தட்டிவிடுவாள். பழைய கோபமெல்லாம் அந்த அடியில் தீர்த்துக்கொள்கிறாள் என்று அவர் சொல்வார். இல்லை, இன்னும் பாக்கி இருக்கிறது என்பாள் அவள். தூள் மேகமாகக் கிளம்பி இருவர் முகத்திலும் படியும். அது விளையாட்டாகத்தான் இருந்தது. அந்தத் தூள் அவள் நெஞ்சுக்குள் போய்க் குடியிருக்கிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

முதலில் சாதாரண இருமல். பிறகு படியேறினால் மூச்சு வாங்கியது. பிறகு படியேறாமலே வாங்கியது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, பூசி மெழுகாமல் சொன்னார்.

"கெட்டுப்போன பாகம் திரும்ப நல்லா ஆகாதும்மா. இருக்கிறதக் காப்பாத்தணும். அதுக்கு ஒரே வழி, அந்தத் தூசுக்குள்ள இனி போகவே கூடாது. துணி கட்டிக்கிட்டுப் போறேன், ஓரமா உக்காந்துக்கறேன், அந்தக் கதையெல்லாம் வேணாம்."

வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"நல்லா ஆகாதுன்னு ஆயிருச்சு. அப்புறம் எதுக்கு நான் வீட்டுல உக்காரணும்?"

"இருக்கிறதக் காப்பாத்தணும்னு சொன்னாரே, அது காதுல விழலையா?"

"விழுந்துச்சு. வீட்டுல உக்காந்தா நான் படுத்துருவேங்க. படுத்தா எந்திரிக்க மாட்டேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும். அதுவும் போக, நான் வரலைன்னா மேல நின்னு யார் சொல்லுவா?"

அந்தக் கடைசிக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு அவள் ஒற்றைக் காலில் நின்றாள்.

ஆள் வைத்துப் பார்க்காமல் இல்லை. அவளுடைய தம்பி வேலையில்லாமல் சும்மாதான் இருந்தான். வாய் மட்டும் ஓய்வில்லாமல் உழைத்துக்கொண்டிருந்தது. அவனை மேலே நிறுத்தினார்கள். அவர் திருக ஆரம்பிக்கும் முன்பே "போதும் மச்சான்" என்றான். சும்மா சொல்லாதே, பார்த்துச் சொல் என்றால், அப்போதுதான் அவனுக்குப் போன் வந்தது. பேசி முடித்து "எங்க விட்டோம்?" என்று கேட்பதற்குள் பிட் ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது. அவன் பார்த்துக்கொடுத்த உயரத்தில் வெட்டிய சட்டங்களெல்லாம் அடுப்புக்குத்தான் ஆயின. அவற்றை அவள் கையில் எடுத்துப் பார்த்தாள். தம்பி கெடுத்த வேலைக்கு எந்த அக்காவாவது அப்படிச் சந்தோஷப்பட்டிருப்பாளா தெரியாது.

"பாத்தீங்களா?" என்றாள். மறுநாள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்துவிட்டாள்.

அவர் தனியாகவும் முயன்றார். அடியில் படுத்துத் திருகிவிட்டு, எழுந்து வந்து பார்த்து, திரும்பப் படுத்து, திரும்ப எழுந்து. முழங்கால் வீங்கிப் பூசணிக்காயானதுதான் மிச்சம். சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் நடப்பதைப் பார்த்த பிறகு, இனி பட்டறைக்கு வரவே வேண்டாம் என்று அவர் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

லிஃப்டைப் பற்றி அவர் முதன்முதலில் வாயெடுத்தபோது அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"எனக்குப் பதிலா ஒரு இரும்பு வாங்கப் போறீங்களா?"

"உன் மூச்சுக்காகச் சொல்றேன்."

"என் மூச்சு என்னோட இருக்கட்டும். நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது அது தண்டச் செலவு. அதுல அப்படி என்ன தெரியும்? தடவிப் பாக்குமா? தப்புன்னா சொல்லுமா?"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் அவரைக் கொன்றது. மருந்துக்கு ஆகிற காசை இரும்பில் போடுவதா? அவள் இனி எத்தனை காலம் என்று டாக்டரே சொல்லாதபோது, ஆயுசுக்கும் உழைக்கிற சாமான் எதற்கு? இப்படி ஒரு எண்ணம் வந்ததும் தன் மண்டையைத் தானே சுவரில் மோதிக்கொள்ளலாம் போல இருந்தது. அதனால் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் போய் நின்றார். வாங்கவும் முடியவில்லை, வாங்காமல் திரும்பி வரவும் மனமில்லை.

அந்த முடிவை அவர் எடுக்கவில்லை. மேசைக்கு அடியில் கிடந்தபோது அது தானாக வந்து விழுந்தது.

ஒரு சமையலறைக்கான கதவுகள், கடைசிக் கட்டம். வழக்கம்போல அவர் அடியில், அவள் மேலே. அடியில் கிடக்கிறவருக்கு அவள் கால் மட்டும்தான் தெரியும். தேய்ந்த செருப்பும் வெடித்த குதிகாலும். "இன்னும்" என்றாள். திருகினார். "இன்னும்" என்றாள். திருகினார். அடுத்தது வரவில்லை. குரல் வராதவரை திருகிக்கொண்டே இருப்பதுதான் அவர்கள் வழக்கம். போதாது என்றால் போதாதுதானே. அவர் திருகிக்கொண்டே இருந்தார்.

"என்ன, நின்னுக்கிட்டே தூங்கிட்டியா? இன்னுமா போதல?"

பதில் இல்லை. எரிச்சலோடு தலையைச் சாய்த்துப் பார்த்தார். குதிகால்கள் தரையை விட்டு எழும்பியிருந்தன. ஒரு செருப்பு கழன்று கிடந்தது. விரல்கள் தரையைப் பிடிக்கப் பார்த்து வழுக்கின. அவள் மேசை விளிம்பைக் கட்டிப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது. 'போதும்' என்று சொல்லத்தான் பார்த்திருக்கிறாள். அந்த ஒரு சொல்லுக்கு வேண்டிய காற்று அவளிடம் இல்லை.

அவர் எப்படி வெளியே வந்தார், நெற்றியை எங்கே இடித்துக்கொண்டார், டயர் கடை ஆட்கள் எப்போது வந்தார்கள், எதுவும் அவருக்கு நினைவில்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஒன்றே ஒன்றுதான் திரும்பத் திரும்ப மனதில் ஓடியது. அவள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தபோது நான் அடியில் கிடந்து அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அவளை வீட்டுக்கு அழைத்துவந்து படுக்க வைத்தார். மறுநாள் பைக்கை விற்றார். டயர் கடைக்காரரே எடுத்துக்கொண்டார். நேராக மெஷின் கடைக்கு நடந்து போய், கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நிற்காமல், கல்லாவுக்கு முன்னால் நின்றார்.

"அத எடுங்க."

கடைக்காரர் சிரிக்கவில்லை. நெற்றியில் இருந்த கட்டுத்துணியைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், எடுத்துக் கொடுத்தார். துணைக்கு ஆள் இருக்கிறதே என்று இந்தத் தடவை அவர் சொல்லவில்லை.

மாட்டி முடிக்க ஒரு பகல் போயிற்று. சாமான் நன்றாகத்தான் இருந்தது. கைப்பிடியைச் சொருகித் திருகினால் அவ்வளவு பெரிய மோட்டார் வெண்ணெயில் போவது போல ஏறியது, இறங்கியது. முதுகு தரையில் படவில்லை. அரைநூலுக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. குறியிட்ட கோடு வரை பிட்டை இறக்கி நிறுத்தினார். பூட்டினார். மோட்டாரைப் போட்டுச் சோதனைக் கட்டையைத் தள்ளினார். நாக்கையும் காடியையும் சேர்த்து விரலால் தடவினார்.

மேடு தட்டியது.

இன்னொரு தடவை அளந்து இறக்கினார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். கோட்டில்தான் நின்றது. ஓட்டினார். மேடு. திரும்பவும் மேடு. துண்டுக் கட்டைகள் தீர்ந்து, நல்ல சட்டத்தை அறுத்துச் சோதித்தார். அதுவும் மேடு தட்டியது. பைக் போயிற்று, மருந்துக்கு வைத்திருந்ததும் போயிற்று, கதவுக்குக் காத்திருக்கிற வீட்டுக்காரருக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. இனி என்ன? திரும்ப அவளையே கூட்டிவந்து இந்தத் தூளுக்குள் நிறுத்துவதா? கைப்பிடியைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தார். ஏமாந்துவிட்டோம் என்று வாய்விட்டுச் சொன்னார். வெட்டித் தள்ளிய கட்டைகளுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். எதிரே மேசை. எப்போதும் அவள் குனிந்து நிற்கிற இடத்தில், கை வைத்து வைத்து விளிம்பு வழவழப்பாகியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அவள் குரல் ஞாபகம் வந்தது. 'போதும்' அல்ல. அதற்கு அடுத்தது.

எழுந்துபோய்க் கைப்பிடியைத் தேடி எடுத்தார். பிட்டைக் கோட்டுக்குக் கீழே நன்றாக இறக்கினார். பிறகு கீழேயிருந்து மேலே, கோடு வரை ஏற்றி நிறுத்தினார். ஓட்டினார். சேர்த்தார். தடவினார்.

ஒன்றுமே தட்டுப்படவில்லை. இரண்டு சட்டம் என்று விரலுக்குத் தெரியவில்லை.

மோட்டாரை ஏற்றி இறக்கும் திருகில் எப்போதும் ஒரு மயிரிழைத் தளர்வு இருக்கும். இறக்கி நிறுத்தினால் மோட்டார் சரியாக உட்காராமல் தொக்கி நிற்கும். ஓட ஆரம்பித்த அதிர்வில் அந்த மயிரிழை இறங்கிவிடும். ஏற்றி நிறுத்தினால் அதன் கனமே அதை உட்கார வைத்துவிடும், பிறகு அசையாது. விலை உயர்ந்த லிஃப்டும் இதற்கு விலக்கல்ல. அவளுக்குத் திருகும் தெரியாது, தளர்வும் தெரியாது. இறக்கிவிட்டு ஏற்றினால் கதவு சரியாக வருகிறது என்று அவள் விரலுக்குத் தெரிந்திருந்தது. அதைத்தான் இத்தனை வருஷமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் அதை அவள் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆளில்லாத பட்டறையில் அரைநூல் அந்தக் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். சத்தம் போட்டே அழுதார். டயர் கடையில் காற்றடிக்கிற சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

குழாயடியில் முகம் கழுவி, சட்டையின் முன்புறத்தை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். கால் வலித்தது, ஆனால் வேகமாகத்தான் நடந்தார். அவளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்துக்கொண்டே போனார். நீ சொன்னதுதான் சரி. மெஷினை வாங்கி மாட்டியும் நீ சொன்ன மாதிரி செய்த பிறகுதான் கதவு கதவாக வந்தது. நான்தான் முட்டாள். இதைக் கேட்டால் அவள் முகம் எப்படி மலரும் என்று நினைத்துப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் ஒரு தடவைகூடத் தோற்றதாக ஒத்துக்கொண்டதில்லை. இன்று முழுசாகத் தோற்கப் போகிறார்.

வாசல் கதவு திறந்திருந்தது. அவள் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வாசலோரம் அவளுடைய பட்டறைச் செருப்பு இருந்தது. கழுவித் துடைத்து, நாளைக்குக் கிளம்ப வாகாக வெளியே பார்க்கத் திருப்பி வைத்திருந்தாள்.

அவர் தன் செருப்பை அதற்குப் பக்கத்தில் கழற்றிவிட்டார்.

"பைக் சத்தம் கேக்கலையே?" என்றாள்.

"வித்துட்டேன். லிஃப்ட் வாங்கி மாட்டிட்டேன்."

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கோபப்படவில்லை.

"கதவு வந்துச்சா?"

"வந்துச்சு."

"மேடு தட்டலையே?"

"இல்ல."

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இறக்கிட்டு ஏத்தினீங்களா?"

சேர்த்து வைத்திருந்த சொல்லெல்லாம் அவர் வாய்வரை வந்து நின்றது. ஆமாம் என்று சொன்னால் போதும்; அவள் முகம் மலரும். மலர்ந்த முகத்தோடு நாளைக் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். இது தெரியாதா உங்களுக்கு, நான் இல்லாமல் எப்படி முடியும் என்பாள். அப்புறம் யார் வந்தாலும் அவளைத் தடுக்க முடியாது.

"அதெல்லாம் அதுக்குத் தேவையில்ல" என்றார் அரைநூல். "சும்மா திருகி விட்டா அப்படியே நிக்குது."

"ஒரு தடவகூடத் தப்பலையா?"

"தப்பல."

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். கட்டைவிரலால் ஆள்காட்டி விரலின் நுனியைத் தேய்த்துக்கொண்டாள்.

"அப்ப நான்தான் உங்களச் சும்மா போட்டு உசுர வாங்கியிருக்கேன்" என்றாள். பிறகு, "சரி. வாங்கினது நல்லதுதான். நல்ல சாமான்தான்" என்றாள்.

அவர் சட்டையைக் கழற்றுகிற சாக்கில் உள்ளே போகப் பார்த்தார்.

"திரும்புங்க" என்றாள்.

திரும்பினார். அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வருவது கேட்டது. பின்னால் வந்து நின்றாள். கையை ஓங்கியிருக்க வேண்டும். முதுகில் அடி விழவில்லை.

"தூசே இல்லையே" என்றாள்.

அவள் ஓங்கிய கையை இறக்கிக்கொண்டு அடுப்படிப் பக்கம் நடந்தாள். பாதி வழியில் இருமல் பிடித்துக்கொண்டது. சுவரைப் பார்த்து நின்றபடியே அவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி அவள் முகத்தைப் பார்த்தால் உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று பயமாக இருந்தது.